நான்கு பத்து

கப்பலில் என் வேலை கயிறு இழுப்பது,
கேட்பவர்க்குக் காகிதப் பை கொடுப்பது.
புந்தா அரேனாசிலிருந்து போர்வெனீருக்கு
இரண்டு மணி நேரம், காற்றிருந்தால் இரண்டரை.
நீரிணை நடுவில் அலை புரளும்போது
ஆட்டு வியாபாரி, நில அளவையாளர், புதுமணப்பெண்
எல்லாருக்கும் ஒரே முகம்.
தொடுவானத்தைப் பாருங்கள் என்பேன்.
கரையில் கால் வைத்ததும் மறந்துவிடுவார்கள்.

என் மகள் தனீட்சா கப்பலில் வாந்தி எடுத்ததே இல்லை.
அசையாத வீட்டில், அசையாத கட்டிலில்
விடிகாலை நான்கு பத்துக்கு எடுப்பாள்.

ஐந்து வாரத்துக்கு ஒருமுறை, சிலசமயம் ஆறு.
முதலில் உதடு வெளுக்கும்.
எச்சில் ஊறும், விழுங்க மாட்டாள்.
அப்புறம் ஓங்கரிப்பு.
தின்றது போகும், குடித்தது போகும்,
மஞ்சள், பிறகு பச்சை,
பிறகு உள்ளே இல்லாத ஒன்றைக்
குடல் துழாவித் துழாவிக் கொண்டுவரும்.
மணிக்கு எட்டுத் தடவை.
கிண்ணம் பிடிப்பது நெல்டா.
நோட்டில் கோடு போடுவது நான்.

விளக்கு வேண்டாம் என்பாள். பேச்சு வேண்டாம்.
என் சட்டையின் டீசல் வாசனை வேண்டவே வேண்டாம்.
கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன்.
தகரக் கூரையைக் காற்று உரித்துப் பார்க்கும்.

என்ன சாப்பிட்டாள்?
நான்கு வருடம், பதிமூன்று டாக்டர், ஒரே கேள்வி.
நண்டு என்றோம். பால் என்றோம்.
ஒருவர், பள்ளிக்கூடம் பிடிக்கவில்லையோ என்றார்.
அது ஜனவரி, பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை.
வயிற்றில் கேமரா விட்டார்கள், தலையைப் படம் பிடித்தார்கள்.
ஒன்றுமில்லை என்றார்கள், நல்ல செய்தி சொல்வதுபோல.

பதினான்காவது,
வடக்கே இக்கிகேயிலிருந்து மாற்றலாகி வந்தவள்,
குளிர் தாங்காமல் கோட்டுக்குமேல் கோட்டு போட்டிருந்தவள்,
எதுவும் கேட்காமல் என் நோட்டை வாங்கிப்
பக்கம் பக்கமாகப் படித்தாள்.
ஒற்றைத் தலைவலிக்குச் சொந்தக்காரன் இவன்,
குடியிருப்பது மட்டும் வயிற்றில் என்றாள்.
ஒரு பெயரும் சொன்னாள்.
குணமாகும் என்று சொன்னதுபோல நெல்டா அழுதாள்.
அப்படி அவள் சொல்லவில்லை.
தூக்கம் கெடக்கூடாது. வெறும் வயிறு கூடாது.
அளவுக்கு மீறின சந்தோஷமும் கூடாது,
எங்களைப் பார்க்காமலே எழுதிக்கொண்டு சொன்னாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில்
சந்தோஷம் கடத்தல் சரக்கு.
பென்குயின் பார்க்கப் போகிறோம் என்பதைப்
படகு கரையைவிட்டு விலகிய பிறகு சொல்வோம்.
சித்தப்பா வருவது, அவர் கதவைத் தட்டும்வரை ரகசியம்.
எட்டாவது பிறந்தநாள் கேக்கைக்
கப்பல் சமையலறையில் ஒளித்துவைத்தேன்,
மெழுகுவர்த்திகளைக் கால்சட்டைப் பையில்.
சாயங்காலம் சூப்புக்குப் பிறகு,
உப்பு டப்பாவை வைப்பதுபோல மேசையில் வைத்தோம்.
ஆ என்றாள். கை தட்டினாள்.
எல்லாம் சரியான அளவில்.

அவள் பல் துலக்கப் போனபோது
படுக்கை உதறினேன்.
தலையணைக்கடியில் ஒரு தாள்.
முப்பது கட்டங்கள், இருபத்தொன்பது அடித்தது,
கடைசிக் கட்டத்தில் குட்டியாக ஒரு கேக்.
போன மாதத்திலிருந்தே எண்ணியிருக்கிறாள்.
அத்தனை நாள் அந்தக் குதூகலத்தைக்
கன்னத்தில் அடக்கிய மிட்டாய்போல வைத்துக்கொண்டு
எங்களிடம் காலுறை எங்கே என்று கேட்டிருக்கிறாள்.

தாளை இருந்த இடத்திலேயே வைத்தேன்.
நெல்டாவிடம்கூடச் சொல்லவில்லை.
நான்கு பத்து. நான்கரை. ஐந்து.
மூச்சுச் சத்தம் மட்டும்.

பதினோரு நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை,
விருந்தில்லை, விருந்தாளியில்லை,
முந்தின நாள் பள்ளியில் வெறும் கழித்தல் கணக்கு,
வந்தது.

சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.
இருட்டில் என் விரலைத் தேடிப் பிடித்தாள்,
பெருங்காற்று நாளில் நடப்பவர்களுக்காகத்
தெருவோரம் கட்டும் கயிற்றைப் பிடிப்பதுபோல.

காரணம் என்ற இடத்தில் எழுத ஒன்றுமில்லை.
இடது கையால்
ஒரு கோடு போட்டேன்.
கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.